'உண்மையில்' என்னும் சொல்லும் உண்மையும்

மொழி மனிதனின் எண்ணத்தை வெளியிடும் கருவியாகும். அவ்வெண்ணத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைக் கேட்போர்க்கு உணர்த்துவதும் அக்கருவியின் கடமையே. கண்ணால் கண்டதைச் சொல்லும்போதும், பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போதும், தானே ஊகித்ததைச் சொல்லும்போதும் பேசுவோன் அவ்வேறுபாட்டைக் காட்டியாக வேண்டும். காட்டத் தவறினால் செய்தி செய்தியாக நில்லாது வதந்தியாகிவிடும். இதற்கென உலக மொழிகள் தத்தமக்குரிய வழிகளை வகுத்துக் கொண்டுள்ளன. ஆங்கிலம் வைத்துள்ள வழி ஒன்று. தமிழ் வைத்துள்ள வழி வேறொன்று. இவ்விரண்டும் ஒரே வகுப்பறையில், ஒரே மாணவனின் நாவில் சந்திக்கும் நகரம் சிங்கப்பூர். அச்சந்திப்பில் தமிழ் எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தின் முத்திரைகள்

'இன் ஃபேக்ட்', 'ஏஸ் எ மேட்டர் ஆஃப் ஃபேக்ட்', 'ஆக்சுவலி', 'தி ஃபேக்ட் தட்', 'அக்கார்டிங் டு' முதலிய சொற்றொடர்கள் ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்குகின்றன. சொல்லப்படும் கூற்று வெறும் கருத்தன்று, நடந்த செய்தியை அடிப்படையாகக் கொண்டது என்று முத்திரையிடுவது இவற்றின் பணி. 'ஃபேக்ட்' என்னும் சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'ஃபாக்டும்' என்பதாகும். அதற்குச் 'செய்யப்பட்டது' என்பது பொருள். பழைய ஆங்கிலச் சட்ட வழக்கில் 'ஃபேக்ட்' என்பது ஒருவன் செய்த செயலையே, சிறப்பாகக் குற்றச் செயலையே குறித்தது. செயல் நிகழ்ந்ததா, இல்லையா என்று மன்றத்தில் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்னும் எண்ணம் அச்சொல்லோடு ஒட்டியே வளர்ந்துள்ளது.

சிங்கப்பூர் மாணவர்க்கு இச்சொற்றொடர்கள் புதியன அல்ல. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டிருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழியாயிற்று. கணக்கையும் அறிவியலையும் வரலாற்றையும் ஆங்கிலத்தில் கற்கும் மாணவன், தமிழ் வகுப்பில் கட்டுரை எழுத அமரும்போது ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் எழுதுவது இயல்பு. அப்போது மேற்கண்ட முத்திரைகள் அனைத்திற்கும் அவன் கையில் அகப்படும் தமிழ்ச் சொல் ஒன்றே. அதுவே 'உண்மையில்'.

ஒரு சொல்லின் மேல் நான்கு சுமை

'இன் ஃபேக்ட்' என்பது ஆங்கிலத்தில் ஒரே வேலையைச் செய்வதன்று. பிறர் எண்ணத்தை மறுப்பது அதன் முதற்பணி. 'தேர்வு எளிது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையிலோ அது கடினமானது' என்பதில் 'உண்மையில்' பொருந்தி நிற்கிறது. மறுப்பு இருக்கும் இடம் அதற்குரிய இடமே.

இரண்டாவது பணி, முன் சொன்னதை மேலும் உயர்த்திச் சொல்லுதல். 'அவர் நல்ல பேச்சாளர். உண்மையில், அவர் இந்நகரின் மிகச் சிறந்த பேச்சாளர்' என்று மாணவன் எழுதுகிறான். ஆங்கிலத்தில் இது புகழ்ச்சிக்கு மேல் புகழ்ச்சி. தமிழிலோ, முதலில் சொன்னது பொய் போலவும் இரண்டாவது சொல்வதே மெய் போலவும் ஒலிக்கிறது. 'நல்ல பேச்சாளர் மட்டுமல்லர். இந்நகரின் மிகச் சிறந்த பேச்சாளரே அவர்' என்றால் குறை தீரும். இங்கு வேலை செய்வது தேற்றப் பொருளில் வந்த ஏகாரம். 'அவர் ஏழை; இன் ஃபேக்ட், பட்டினி கிடக்கிறார்' என்னும் ஆங்கிலக் கருத்தைக் 'குடிக்கக் கஞ்சிக்கும் வழியில்லாத ஏழை' என்று சிறப்பும்மையால் தமிழ் எளிதாகச் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது பணி, பொதுவாகச் சொன்னதற்குச் சான்று காட்டுதல். 'இம்மாதம் மழை மிகுதி. உண்மையில், நேற்று மூன்று முறை பெய்தது' என்பதில் 'உண்மையில்' வீணே நிற்கிறது. 'நேற்று மட்டும் மூன்று முறை பெய்தது' என்பதே தமிழ் வழக்கு. நான்காவது, 'தி ஃபேக்ட் தட்' என்பதன் நேர்பெயர்ப்பு. 'அவன் காலந்தாழ்ந்து வந்தான் என்கிற உண்மை ஆசிரியரை வருத்தியது' என்று எழுதுவோர் உளர். 'அவன் காலந்தாழ்ந்து வந்தது ஆசிரியரை வருத்தியது' என்றால் போதும். 'வந்தது' என்னும் தொழிற்பெயரே நிகழ்ச்சியைப் பொருளாக்கித் தந்துவிடுகிறது. 'உண்மை' என்னும் சான்றிதழ் அதற்கு வேண்டுவதில்லை.

ஆக, நான்கு இடங்களில் ஓரிடத்தில் மட்டுமே 'உண்மையில்' தகும். ஏனைய மூன்றிலும் ஏகாரமும் உம்மையும் 'மட்டும்' என்பதும் தொழிற்பெயரும் அப்பணியைச் செவ்வனே செய்கின்றன. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஏகார உம்மைப் பொருள்கள் நாளும் எழுதும் உரைநடைக்கு எங்ஙனம் பயன்படும் என்பதை மாணவர்க்குக் காட்ட இதனினும் நல்ல வாய்ப்பு இல்லை.

உண்மை, வாய்மை, மெய்ம்மை

'உண்மையில்' என்பதை வரம்பின்றி வழங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சொல் அறத்தின் சாயலையும் உடன் கொண்டு வருகிறது. உள்ளத்தோடு பொருந்துவது உண்மை, வாயோடு பொருந்துவது வாய்மை, மெய்யாகிய உடலோடு பொருந்துவது மெய்ம்மை என்று தமிழாசிரியர்கள் வழிவழியாக விளக்கி வருகின்றனர். இலக்கண நூலோர் வழக்கிலும் தருக்க நூலோர் வழக்கிலும் உண்மை என்பது 'உள்ளதாகும் தன்மை'; அதன் மறுதலை இன்மை. பொய்க்கு எதிர்ச்சொல் என்னும் பொருளே இன்று மக்கள் வழக்கில் ஓங்கி நிற்கிறது.

திருக்குறளில் வாய்மை அதிகாரத்தைக் கற்பிப்போர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்வர். வாய்மையின் இலக்கணமாக வள்ளுவர் முதலில் வைப்பது பிறர்க்குத் தீமை பயவாத சொல்லையே. நடந்ததை நடந்தபடி கூறுதல் என்று அவர் வரையறுக்கவில்லை. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் அவர் இசைகின்றார். ஆங்கிலத்தின் 'ஃபேக்ட்' இத்தகைய அறவுணர்வை வேண்டுவதன்று. நடந்ததா, இல்லையா என்பதே அதற்கு வேண்டும்.

அறச்சாயல் மிக்க ஒரு சொல்லை வரிக்கு வரி முத்திரையாக இடும்போது நேர்வது என்ன? மாணவன் ஒரு கட்டுரையில் ஏழு முறை 'உண்மையில்' என்று எழுதுகிறான் எனக் கொள்வோம். அம்முத்திரை பெறாத வரிகளின் நிலை யாது என்னும் ஐயம் படிப்போர்க்கு எழுவது இயற்கை. பேச்சு வழக்கில் 'ஆக்சுவலி' என்று தொடங்காமல் வாய் திறவாத இளைஞரிடத்தும் இதே நிலைதான். அச்சொல் அவர்க்குச் செய்தியின் உறுதியைக் காட்டவில்லை. மூச்சு விடும் இடமாகவே பயன்படுகிறது.

கண்டதும் கேட்டதும் கருதியதும்

ஆங்கிலம் 'இது உண்மை' என்று முத்திரையிடுகிறது. தமிழின் பழைய வழி, 'இதை நான் எவ்வாறு அறிந்தேன்' என்று காட்டுவது. முடிவுக்கு உறுதி கூறுவது முன்னையது. அறிந்த வழியைத் திறந்து காட்டுவது பின்னையது. இவ்வேறுபாடே இப்பொருளின் உயிர்நிலை.

தொல்காப்பியர் தம் முன்னோர் கருத்தைக் கூறும் இடங்களில் 'என்ப' என்று முடிக்கின்றார். 'என்ப' பலர்பால் வினைமுற்று. அதைச் சொன்னவர்கள் பலர் என்பதும், அவர்கள் தம்மின் வேறானவர் என்பதும் அவ்வொரு சொல்லிலேயே அடங்கிவிடுகின்றன. உரையாசிரியர்கள் 'என்பாரும் உளர்' என்று மாற்றுக் கருத்துக்கும் இடம் தருகின்றனர். தம் கருத்தையும் பிறர் கருத்தையும் கலந்து குழப்பாத நேர்மை அம்மரபில் இலக்கணமாகவே அமைந்து கிடக்கிறது.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை சமயவாதிகள் பலரையும் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். முதலில் பேசும் அளவைவாதி, பொருளை அறியும் வழிகளாகப் பத்து அளவைகளை அடுக்குகின்றான். நேரே காணும் காண்டல், குறி கொண்டு உய்த்துணரும் கருதல், நூல் வழியாகப் பெறும் ஆகமம் முதலியவற்றோடு ஐதிகம் என்பதும் அவற்றுள் ஒன்று. குறித்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்லி வருவதை நம்புதல் அதற்கு எடுத்துக்காட்டு. புகை கண்டு தீயை உணர்வதும் ஊரார் சொல்லிப் பேயை நம்புவதும் ஒன்றல்ல என்பதைச் சாத்தனார் காலத்துத் தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தது.

அப்பகுப்பு நூலோடு நின்றுவிடவில்லை. மக்கள் நாவிலும் வாழ்கிறது. சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் 'வாடகை ஏறப்போகுதாம்' என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டுக்காரரின் கடிதத்தைப் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டார் என்பது கேட்போர்க்கு அக்கணமே விளங்கும். 'ஏறப்போகுது போல' என்றால் அது அவருடைய ஊகம். 'ஏறப்போகுது' என்றால் அவர் அறிந்து சொல்கிறார்; அதற்குப் பொறுப்பும் ஏற்கிறார். 'ஆம்' என்னும் சிறு இடைச்சொல் ஆங்கிலத்தில் ஒரு முழுத்தொடர் செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் மூதாட்டியும் பிழையின்றிக் கையாளும் இந்நுட்பம், பள்ளிக் கட்டுரைகளில் காணப்படாமை வருந்தத்தக்கது.

செய்தித்தாள் நடை

சிங்கப்பூரில் தமிழ் இதழியலுக்கு நீண்ட வரலாறு உண்டு. மகுதூம் சாயபு 1887இல் சிங்கை நேசனைத் தொடங்கினார். 1935இல் தோன்றி, கோ. சாரங்கபாணியால் வளர்க்கப்பட்ட தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. பழைய தமிழ் இதழ்களில் 'என்று கேள்வி', 'கேள்விப்படுகிறோம்' என்னும் முடிவுகள் பரவலாக வழங்கின. இன்றைய காதுக்கு அவை நாட்டுப்புறத்தன்மை உடையனவாகத் தோன்றலாம். ஆயினும் 'இதைக் கண்டிலோம், கேட்டோம்' என்று ஒளிவின்றி ஒப்புக்கொண்ட சிறப்பு அவற்றுக்கு உண்டு.

இன்றைய தமிழ்ச் செய்தி நடையில், எங்கும் 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது', 'சொல்லப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வினைகள் மலிந்துள்ளன. ஆங்கிலச் செய்தியை விரைந்து பெயர்க்க வேண்டிய நெருக்கடியே இதற்குக் காரணம். கூறியவர் யார்? நம்புபவர் யார்? 'என்ப' என்னும் பழஞ்சொல் சொன்னவர் பலரைச் சுட்டியது. 'கூறப்படுகிறது' என்னும் புதுச்சொல் ஒருவரையும் சுட்டவில்லை. 'அமைச்சரின்படி' என்று எழுதுவதும் இத்தகையதே. 'என்று அமைச்சர் கூறினார்' என்றால் பொருளும் விளங்கும், சொன்னவரும் புலப்படுவார்.

ஆங்கிலத்திடமிருந்து கற்க ஒன்றுமில்லை என்று இதனால் முடிவு கட்டுவது நேர்மையாகாது. குற்றம் சாட்டப்பட்டவரை மன்றம் தீர்ப்பளிக்கும் முன்பே குற்றவாளி என்று எழுதலாகாது என்னும் கட்டுப்பாட்டை ஆங்கில இதழியல் வளர்த்துள்ளது. 'திருடியவர் கைது' என்று எழுதாது 'திருடியதாகச் சந்தேகிக்கப்படுபவர் கைது' என்று எழுதும் தமிழ் நடை அக்கட்டுப்பாட்டின் நற்பயனே. வரவேற்க வேண்டியது அந்த ஒழுக்கம். ஒதுக்க வேண்டியது சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் சோம்பல்.

மன்றத்திலும் தெருவிலும்

இஃது இலக்கண நுணுக்கம் மட்டுமே என்று கருதுவோர் நீதிமன்றத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிங்கப்பூரின் சான்றுச் சட்டம் 1893ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வகுத்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றியது அது. புலன்களால் உணரத்தக்க பொருளும் நிலையும் 'ஃபேக்ட்' என்பதனுள் அடங்கும் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. கண்ணால் காணத்தக்க செய்தியாயின் கண்டவரே வந்து சொல்ல வேண்டும்; காதால் கேட்கத்தக்கதாயின் கேட்டவரே வந்து சொல்ல வேண்டும் என்பது அதன் பொதுவிதி. அதற்கு விலக்குகளும் உண்டு.

தமிழில் சாட்சி கூறும் ஒருவர் 'அவன் அங்கே வந்தானாம்' என்கிறார் எனக் கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் 'அவன் அங்கே வந்தான்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால், கேட்டவர் கண்டவராகிவிடுகிறார். செவிவழிச் செய்தி நேர்ச் சான்றாக மாறிவிடுகிறது. ஓர் இடைச்சொல் விடுபடுவதால் ஒருவனுடைய விடுதலையே இடருக்கு உள்ளாகலாம். தமிழ் படிக்கும் மாணவருள் சிலர் நாளை அம்மன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக நிற்பவர் என்பதை ஆசிரியர்கள் மறத்தலாகாது.

மன்றத்துக்கு வெளியே தெருவிலும் இவ்வேறுபாட்டுக்கு மதிப்புண்டு. 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு, லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில் இந்தியத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2014இல் வெளிவந்தது. விபத்தும் மதுவும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. அவற்றோடு, விபத்தைப் பற்றியும் மீட்புப் பணியைப் பற்றியும் கூட்டத்தினர் கொண்ட தவறான எண்ணமும் சுட்டப்பட்டது. பேருந்து ஊழியர்களையே அதிகாரிகள் காக்கின்றனர் என்று கூடியிருந்தோர் கருதினர். கலவரத்துக்கு மொழி காரணம் என்பது ஈண்டுக் கருத்தன்று. ஆயினும் ஒருவர் கண்டதும், அருகிலிருந்தவர் கருதியதும், பின்னால் நின்றவர் கேட்டதும் ஒன்றாகக் கலந்து, எல்லாமே 'நடந்தது' என்று ஆகிவிடும்போது விளைவு எத்தகையதாகும் என்பதற்கு அவ்விரவு ஒரு பாடம்.

'ஆம்' என்பதன் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நடுநிலைமையாகாது. பொறுப்பைத் தட்டிக் கழிக்கவும் அதுவே உதவுகிறது. 'அவன் கைநீட்டினானாம்' என்று பத்துப் பேரிடம் சொல்லிவிட்டு, 'கேட்டதைத்தானே சொன்னேன்' என்று ஒதுங்கிக்கொள்வோர் உளர். இணையத்தில் பரவும் பொய்ச் செய்திகளைத் தடுக்கச் சிங்கப்பூரில் இயற்றப்பட்டு, 2019 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த சட்டத்தின் வரையறை ஒன்று இவ்விடத்தில் சிந்திக்கத்தக்கது. ஒரு கூற்றைக் காணும் அல்லது கேட்கும் நியாயமான மனிதர், நடந்த செய்தியை எடுத்துரைப்பதாக அதனை எண்ணுவாராயின் அது செய்திக்கூற்று என்கிறது அச்சட்டம். ஆகவே, அங்கு அளவுகோல் கேட்போரின் உணர்வே. சொல்லின் இறுதியில் 'ஆம்' ஒட்டியிருந்தால் பொறுப்பு முழுவதும் நீங்கிவிடும் என்றோ, தொடக்கத்தில் 'உண்மையில்' நின்றால் பொய்யும் மெய்யாகிவிடும் என்றோ கருதுவது பேதைமை.

ஆசிரியர் செய்யத்தக்கது

வகுப்பறையில் இதற்கு நீண்ட பாடம் வேண்டுவதில்லை. ஒரே நிகழ்ச்சியை நான்கு விதமாக எழுதச் சொல்லலாம். 'மரம் விழுந்தது' என்பது கண்டவன் கூற்று. 'மரம் விழுந்ததாம்' என்பது கேட்டவன் கூற்று. 'மரம் விழுந்தது போலும்' என்பது கிளையொடிந்து கிடப்பதைக் கண்டு ஊகித்தவன் கூற்று. 'மரம் விழுந்தது என்று காவலர் தெரிவித்தார்' என்பது சொன்னவரைச் சுட்டி எழுதும் செய்தியாளன் கூற்று. அடுத்து, ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரு பத்தியை எடுத்து, அதிலுள்ள முத்திரைச் சொற்களைக் கோடிட்டு, 'உண்மையில்' என்னும் சொல்லைப் பயன்படுத்தாமல் தமிழாக்கும்படி பணிக்கலாம். ஏகாரமும் உம்மையும் 'மட்டும்' என்பதும் அப்போது தாமே எழுந்து வரும்.

மாணவன் கட்டுரையில் 'என்று கூறப்படுகிறது' என்று எழுதினால், 'கூறியவர் யார்?' என்று விளிம்பில் ஆசிரியர் குறித்தல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் நூலகத்துக்குச் செல்வான், பெரியோரைக் கேட்பான், விடை கிடையாதபோது அவ்வரியை அடித்துவிடவும் கற்பான். யார் சொல்லக் கேட்டாலும் அதன் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்னும் வள்ளுவர் நெறி அவனுக்கு மனப்பாடப் பகுதியாக நில்லாமல் எழுதும் முறையாகவே ஆகிவிடும்.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. சட்டமன்றத்திலும் வானொலியிலும் செய்தித்தாளிலும் அதற்கு இடம் உண்டு. நாட்டின் செய்தியைச் சொல்லும் உரிமை பெற்ற மொழி, அச்செய்தி எவ்வழியாக அறியப்பட்டது என்பதையும் சொல்லும் கடமை உடையது. அதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் தமிழிடம் உள்ளன. அவற்றை இளந்தலைமுறையின் கையில் கொடுக்க வேண்டியவர் தமிழாசிரியரே.